கடிகாரம் பார்த்துப் பங்கு போட்ட தண்ணீர்

கையைத் தூக்கிய பிறகுதான், தூக்கியிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

ஏசி போட்ட அறை. நீள மேசை, அதன் மேல் கண்ணாடி. எனக்கு முன்னால் ஒரு சின்ன அட்டையில் 'பெற்றோர் உறுப்பினர்' என்று அச்சடித்து நிறுத்தியிருந்தார்கள். தட்டில் போண்டா ஆறிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அப்பியிருந்த கிரீஸ் கறை தெரியாமல் இருக்க அதுவரை இரண்டு கையையும் மேசைக்கு அடியில்தான் வைத்திருந்தேன்.

திரையில் வண்ண வண்ணமாகத் தூண்கள் நின்றன. துறைத் தலைவர் பச்சைத் தூணைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். படித்த கணக்கையும் விஞ்ஞானத்தையும் வேலையில் எடுத்துப் பயன்படுத்துகிற திறமை இருக்கிறதே, அதில் எங்கள் மாணவர்கள் வைத்த குறியைத் தாண்டிவிட்டார்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் என் கை மேலே போனது.

பேச்சு நின்றது. எல்லாக் கண்ணும் என் பக்கம்.

"ஏனுங்க, அதை எப்படிங்க அளந்தீங்க?" என்று கேட்டேன்.

எனக்கு அங்கே என்ன வேலை

நான் தண்ணீர் லாரி வாங்கிய பழைய கதையை இந்தப் பக்கத்தில் போன வாரம் சொல்லியிருந்தேன். லாரிக்காரனுக்குக் காலேஜ் மேசையில் என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

என் மகள் கோகிலா அந்தக் காலேஜில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். கோயமுத்தூருக்கு வெளியே, எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். பாடம் எப்படி நடக்கிறது, பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பார்க்க ஒவ்வொரு துறைக்கும் ஒரு குழு இருக்குமாம். அதில் வாத்தியார்களோடு ஒரு கம்பெனிக்காரர், ஒரு பழைய மாணவர், ஒரு பெற்றோர் இருந்தாக வேண்டுமாம். கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் இருந்த பெற்றோர் நான்.

நான் ஐந்தாவது வரைதான் என்று சொல்லிப் பார்த்தேன். அதனால் பரவாயில்லை என்றார்கள். கோகிலாவுக்குத்தான் பயம். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்ப்பா. கையெழுத்துப் போட்டுட்டு வந்துருங்க" என்றாள். முதல் கூட்டத்தில் அப்படியே செய்தேன். பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மொய் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்துவிடுகிற ஆள் நான். லாரி ஓட்டுவது எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம், கேபினில் யாரும் பேச்சுக்கு இழுக்க மாட்டார்கள் என்பது.

அப்படிப்பட்டவன் இரண்டாவது கூட்டத்தில் ஏன் கையைத் தூக்கினேன் என்றால், அதற்குச் சரசக்காதான் காரணம்.

இரண்டு வீடு, ஒரு லாரி

சிறுவாணிக் குழாய்த் தண்ணீர் எட்டிப் பார்க்காத புது லேஅவுட்டுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அங்கே வீட்டுத் தொட்டி சின்னது. ஒரு லாரித் தண்ணீர் ஒரு வீட்டுக்கு அதிகம். அதனால் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு லோடு வாங்குவார்கள். பாதிப் பாதி. பாதியை எப்படிப் பிரிப்பது? கடிகாரம் பார்த்து. முழு லாரி காலியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருநாள் பார்த்துவிட்டு, அதில் பாதி நேரம் முதல் வீட்டுக்கு, மீதி நேரம் அடுத்த வீட்டுக்கு. எங்கள் லாரிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

ஒரு தெருவில் முதல் வீடு பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. செல்போனில் நேரத்தை ஓடவிட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். ஒரு வினாடி குறையவும் விடமாட்டார், கூடவும் விடமாட்டார். அடுத்த வீடு சரசக்கா. தையல் வேலை. பேங்க்காரர் வீட்டில் ஒரு வாரம் வருகிற தண்ணீர் சரசக்கா வீட்டில் பாதி வாரத்தில் தீர்ந்துவிடும். இத்தனைக்கும் சரசக்கா வீட்டில் ஆள் ஒன்றும் அதிகமில்லை.

எனக்குக் குறைத்து ஊற்றுகிறாய் என்று சரசக்கா சொல்ல ஆரம்பித்தார். நான் பேங்க்காரரின் செல்போனைக் காட்டினேன். அவர் நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். கடைசியில் ஒருநாள் சரசக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அந்தய்யா உனக்குத் தனியா ஏதாச்சும் குடுக்கறாரா தம்பி?" என்று கேட்டுவிட்டார். தெருவில் நாலு பேர் நின்றார்கள். ஹோஸைச் சுருட்டிப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தச் சொல் உள்ளே கிடந்து குத்திக்கொண்டே இருந்தது. தப்பு எங்கே என்று தெரிந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து யார் எதை அளந்தேன் என்றாலும், எப்படி அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

ஐந்தாம் வகுப்புத் தொட்டி

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் படித்த கடைசி வருடத்தில் தொட்டிக் கணக்கு வரும். ஒரு குழாய் ஒரு தொட்டியை இவ்வளவு மணி நேரத்தில் காலி செய்யும் என்றால் பாதித் தொட்டி காலியாக எவ்வளவு நேரம்? பாதி நேரம். வாத்தியார் பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் நான் விடையைச் சிலேட்டில் போட்டுவிடுவேன். எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தக் குழாய் முதலிலிருந்து கடைசி வரை ஒரே வேகத்தில் ஓடும். நானும் வாழ்க்கை முழுக்க அதை நம்பினேன். கடைசியில் தண்ணீர் சோர்ந்து வருவதைத் தினமும் கண்ணால் பார்த்தவன்தான். அடியில் மண்டி சேர்ந்து வால்வை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டு வால்வையே இரண்டு முறை மாற்றினேன்.

மேடம் சொன்ன பதில்

திரும்ப அந்த அறைக்கு வருகிறேன்.

என் கேள்விக்குத் துறைத் தலைவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். பரீட்சையில் இன்ன கேள்வி இன்ன திறமைக்கு என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறார்களாம். அந்தக் கேள்விக்கு இவ்வளவு பேர் இவ்வளவு மார்க் வாங்கினால் தூண் இவ்வளவு உயரம். எனக்குப் புரிந்தது. சரீங்க என்று கையைத் திரும்ப மேசைக்கு அடியில் கொண்டுபோனேன்.

ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தர் மேடம் விடவில்லை. கோகிலா வகுப்புக்குத் தண்ணீர், பம்பு, குழாய் பற்றிய பாடம் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுவாராம். குரல் சின்னதாக இருந்தாலும் அறை முழுக்கக் கேட்கும். "அந்தக் கேள்விகளைப் பசங்க முன்னாடியே பாத்திருக்காங்க. பாக்காத ஒண்ணைக் குடுத்து நாம அளந்ததே இல்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, உங்களிடம் அப்படி ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார்.

சரசக்காவையும் பேங்க்காரரையும் பற்றிச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஒரு தடவை இந்த வீடு, அடுத்த தடவை அந்த வீடு என்று மாற்றி முதலில் ஊற்றலாமே என்று துறைத் தலைவர் கேட்டார். முதல் வீட்டய்யா விடமாட்டாருங்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தைரியம் வந்தது.

இது இரண்டாம் வருடக் கணக்குதான் என்றார் துறைத் தலைவர். அப்படியானால் மூன்றாம் வருடத்துக்குக் கொடுக்கலாம் என்றார் எஸ்தர் மேடம். இந்த முறை வழக்கமான அசைன்மென்ட் கிடையாது. இந்த ஒரு கேள்விக்குத்தான் அந்த இன்டர்னல் மார்க். பாதி நேரத்தில் முதல் வீட்டுக்குப் போன தண்ணீர் எவ்வளவு? பிறகு நிஜ லாரியைக் கொண்டுவந்து ஊற்றிப் பார்ப்போம். லாரி என்னுடையது. மார்க் போடும்போது நானும் உட்கார வேண்டும்.

அன்று மாலை கோகிலா பையைக் கட்டிலில் வீசினாள். வருகிற மாதம் ஒரு பெரிய கம்பெனி ஆள் எடுக்க வருகிறது. அதன் இன்டர்வியூவில் உட்கார ஒரு மார்க் அளவு வைத்திருக்கிறார்கள். அவள் அந்த அளவின் விளிம்பில்தான் நிற்கிறாள். இந்தப் பேப்பரில் குறைந்தால் அவ்வளவுதான். "கையெழுத்துப் போட்டுட்டு வாங்கன்னு தானுங்ப்பா சொன்னேன்" என்றாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. கணக்கைப் போட உட்கார்ந்துவிட்டாள்.

அந்தியூரிலிருந்து வந்த டேப்

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். கோகிலா வகுப்பு. பெயர் மாதேஸ்வரன், ஊர் அந்தியூர். ஊருக்குப் போய்விட்டு ஹாஸ்டல் திரும்புகிற வழியில், காந்திபுரத்தில் டவுன் பஸ் மாறி வந்திருந்தான். கையில் டேப். லாரியை அளந்துக்கட்டுங்களா என்று கேட்டான்.

டேங்கின் விட்டம், நீளம், வால்வு எங்கே இருக்கிறது, அதிலிருந்து ஹோஸ் எவ்வளவு கீழே தொங்குகிறது, எல்லாவற்றையும் அளந்தான். கோகிலா நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"எங்கூட்டு லாரியை அளக்க அந்தியூர்ல இருந்து ஆளு வருதாக்கும். என்னையக் கேட்டிருந்தாச் சொல்லியிருக்க மாட்டேனா?"

அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "எங்கூர்ச் சந்தையில குதிரை வாங்கறதுன்னா பல்லைப் புடிச்சுப் பாத்துத்தான் வாங்குவோமுங்க. பக்கத்துல நிக்கறவங்களைக் கேட்டு வாங்கறதில்லீங்க" என்றான்.

அவள் சிரித்துவிட்டு அவனுக்கு டீ கொண்டுவந்தாள். ஆனால் அவள் கணக்கு அதற்குள் முடிந்துவிட்டது. அழகாகப் படியெடுத்து, கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடும் போட்டாயிற்று.

சாக்பீஸ் கோடுகள்

ஊற்றிப் பார்க்கிற நாள். காலேஜ் தோட்டத்தில் செடிகளுக்கு நீர் பிடித்து வைக்கும் சிமென்ட் தொட்டி ஒன்று இருக்கிறது, பெட்டி மாதிரி நேர்ச் சுவர். அதன் ஓரமாக லாரியை நிறுத்தினேன். தரை மட்டமாக இருந்தது. வகுப்பு மொத்தமும் சுற்றி நின்றது.

துறைத் தலைவர் முழுக்கையை மடித்துவிட்டு சாக்பீஸை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு நிமிடத்துக்கும் எஸ்தர் மேடம் குரல் கொடுக்க, தண்ணீர் ஏறி நிற்கும் இடத்தில் அவரே சுவரில் கோடு போட்டார். பாசி வாசம் எழுந்தது. சட்டையில் தெறித்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

முதல் சில கோடுகள் அகல அகலமாக விழுந்தன. போகப் போக நெருங்கின. கடைசியில் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்கிற மாதிரி வந்தன. வால்வில் மண்டியே இல்லை. உள்ளே உயரம் குறையக் குறையத் தள்ளும் வேகமும் குறைகிறது என்று எஸ்தர் மேடம் எனக்குச் சொன்னார். நான் மாற்றிய வால்வுகள் நினைவுக்கு வந்தன.

பாதி நேரத்துக் கோட்டைப் பார்த்தோம். தண்ணீரில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு அதற்குள்ளேயே வந்திருந்தது. கடைசிப் பாதி நேரத்துக்கு மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கும் கொஞ்சமும். சரசக்காவுக்கு நான் ஊற்றிவந்தது அதுதான். குறைகிறது என்று அவர் சொன்னது பொய்யில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது மட்டும்தான் தப்பு, அதுவும் ஆளைப் பற்றிய தப்பு.

வகுப்பில் பாதிப் பேர் பாதிக்குப் பாதி என்றே எழுதியிருந்தார்கள். என் ஐந்தாம் வகுப்புத் தொட்டியை அவர்களும் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர், கோகிலா உட்பட, முதல் வீட்டுக்கு நாலில் மூன்று பங்கு என்று எழுதியிருந்தார்கள். மாதேஸ்வரன் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு, ஹோஸ் கீழே தொங்குவதால் அதைவிடச் சற்றுக் குறையும் என்று எழுதியிருந்தான்.

மார்க்

மறுபடி அதே மேசை. இந்த முறை போண்டா இல்லை, பிஸ்கட்.

கோகிலாவின் தாள் சுற்றி வந்தது. துறைத் தலைவர் அதை விரலால் தடவிக்கொண்டே, ஒரு படிகூடப் பிசகவில்லை, புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவு, முழு மார்க் என்றார். மாதேஸ்வரன் கணக்கை முறையாக முடிக்கவில்லை. நடுவில் சிக்கிக்கொண்டு, டேங்க் வட்டத்தைப் பட்டை பட்டையாக அரிந்து ஒவ்வொன்றையும் கால்குலேட்டரில் கூட்டியிருக்கிறான். அதற்கு மார்க் கொடுத்தால் நாளைக்கு எவன் முறையைப் படிப்பான் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

எஸ்தர் மேடம், கோகிலா டேங்கைப் பெட்டி மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்றார். பாடப் புத்தகத்தில் தொட்டி என்றால் நேர்ச் சுவர்த் தொட்டி. அவள் அதைத்தான் போட்டிருக்கிறாள். லாரி டேங்க் உருளை. மேலேயும் கீழேயும் ஒடுங்கும், நடுவில் அகலும். விடை அதனால் மாறுகிறது.

நான் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உருளை டேங்க் அவள் பிறந்ததிலிருந்து எங்கள் வாசலில் நிற்கிறது. சின்னப் பிள்ளையில் அதன் ஏணியில் ஏறி விழுந்து நெற்றியில் தழும்புகூட உண்டு.

துறைத் தலைவர் என்னைப் பார்த்து, இது உங்கள் பெண் சம்பந்தப்பட்டது, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. நான் வழக்கமாக வெளியேறுகிற பின்வாசல் அது.

அந்தக் கம்பெனி என் கண் முன்னால் நின்றது. அவள் இன்டர்வியூவுக்கென்று தைக்கக் கொடுத்திருந்த சுடிதாரும் நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டது நான். தெரிந்தாக வேண்டும் என்று வந்தவன், தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு போவதா?

எழுந்து நின்றேன். அங்கே யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. எனக்கு உட்கார்ந்தபடி வார்த்தை வராது.

"என்ற புள்ள போட்ட கணக்குத் தப்பில்லீங்க. ஆனா அது என்ற லாரி இல்லீங்க" என்றேன். "நிஜத்துல பொருந்துதான்னு தானுங்களே நீங்க அளக்கறது?"

துறைத் தலைவர் பேனாவை எடுத்தார். கோகிலாவுக்கு முறைக்கு உண்டான மார்க், பொருத்திப் பார்க்காததற்குக் குறைத்து. மாதேஸ்வரனுக்குப் பொருத்தியதற்கு முழுசாக, முறை தெரியாததற்குக் குறைத்து. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தால் ஒரு முழு இன்ஜினியர் கிடைப்பார் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் நானே சொன்னேன். வேறு யாராவது சொல்லி அவள் கேட்கக் கூடாது. அவள் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தபடி கேட்டாள். "சரீங்ப்பா" என்றாள். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேச்சு அவ்வளவுதான். சாப்பிடறீங்களா, சரீங்ப்பா. அளவுக்குச் சற்றுக் கீழே போய்விட்டாள். அந்தக் கம்பெனி போச்சு.

ஏணி மேலிருந்து

கம்பெனி வந்த அன்று அவள் காலேஜுக்குப் போகவில்லை. நான் லாரியைக் கிளப்பும்போது சத்தமில்லாமல் வந்து கேபினில் ஏறிக்கொண்டாள். அன்று பேங்க்காரர், சரசக்கா முறை. புது அளவுப்படி முதல் வீட்டுக்கு எவ்வளவு நிமிடம் என்று எஸ்தர் மேடம் ஒரு கணக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

தெருவில் நிறுத்தியதும் அவள் இறங்கி, எதிர் வீட்டுச் சுவர் வரை போய் நின்று லாரியையே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு வந்தாள்.

"அப்பா, ரோடு சாய்வா இருக்குது. லாரி மூக்குக் குத்தி நிக்குது. தண்ணி குறையக் குறைய வால்வை விட்டு முன்னால போயிரும். காலேஜ்ல போட்ட நேரம் இங்க செல்லாதுங்ப்பா."

மறுபடியும் சரசக்கா முன்னால் தப்பாக ஊற்றப் போகிறேனா? இதற்கும் ஒரு கணக்குப் போட முடியுமா என்று கேட்டேன்.

"போடலாம். ஒவ்வொரு தெருவுக்கும் போடோணும்" என்றாள். டேங்கின் நடுவில் இருக்கும் மூடியை அண்ணாந்து பார்த்தாள். "கடிகாரமே வேண்டாங்ப்பா. நடு மூடி வழியா ஒரு குச்சியை விடுங்க. உசரத்துல சரிபாதியில ஒரு கோடு. உருளைக்கு மேல் பாதியும் கீழ் பாதியும் ஒண்ணுதான். முன்னால ஏறினது பின்னால குறையும், நடுவுல மாறாது. தண்ணி கோட்டுக்கு வந்தா பாதி. எந்த ரோடா இருந்தா என்ன?"

வேகமாகப் பேசிவிட்டு நிறுத்தினாள். "இது மாதேஸ்வரனுக்கும் தோணலை" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

சரசக்கா வீட்டிலிருந்தே நீளக் குச்சி ஒன்று வாங்கினோம். சரசக்கா என்னைப் பார்க்காமல் அவள் கையில் கொடுத்தார். தையல் சாக்பீஸையும் கொடுத்தார். கோகிலா ஏணியில் ஏறி மூடியைத் திறந்து, டேங்கின் உயரத்தைக் குச்சியில் அளந்து, சரிபாதியில் கோடு போட்டாள். நான் வால்வைத் திறந்தேன். பேங்க்காரர் செல்போனில் நேரத்தை ஓடவிட்டார்.

அவருடைய பாதி நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது. தண்ணீர் கோட்டைத் தொட்டதும் கோகிலா மேலேயிருந்து டேங்கை இரண்டு தட்டுத் தட்டினாள். நான் வால்வை மூடினேன்.

பேங்க்காரர் விடவில்லை. செல்போனை உயர்த்திக் காட்டி, என்னம்மா இது அநியாயம், என் நேரம் இன்னும் முடியவே இல்லை, இதோ பாரு என்றார்.

கோகிலா டேங்க் மேல் குந்தியபடி குனிந்து அவரைப் பார்த்தாள். குரலில் மரியாதை குறையவில்லை, தயக்கமும் இல்லை.

"உங்க போனு சரியாத்தானுங்க ஓடுது. தண்ணி அப்படி ஓடறதில்லீங்க."

நான் ஹோஸை இழுத்துக்கொண்டு சரசக்கா வீட்டுக்கு நடந்தேன். அவர் முன்னால் போய்க் கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.